அச்சுக்குப் போகும் முன்: எழுதுவோர் கேட்ட கேள்விகள்

தமுக்கம் புத்தகத் திருவிழா நெருங்கும் மாதங்களில் எனக்கு வரும் கடிதங்கள் கூடிவிடும். "திருவிழாவுக்குள் புத்தகம் கையில் இருக்க வேண்டும்" என்ற வரி பாதிக் கடிதங்களில் இருக்கும். பிரதியைச் செம்மைப்படுத்துவதும், அச்சுக்குப் போகும் பக்கங்களில் பிழை தேடும் மெய்ப்புப் பார்ப்பதும் என் தொழில் என்பதால், அந்த அவசரம் எனக்குக் கவலை தருகிறது. இந்த முறை வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடிய சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

என் நாவலை மூன்று முறை படித்துத் திருத்தினேன். நண்பர் ஒருவர் ஒரே மாலையில் நாற்பது பிழைகளைக் காட்டினார். அவை என் கண்ணில் ஏன் படவில்லை? (திருமங்கலம் வாசகர்)

எழுதியவருக்கு அந்த நாவல் ஏறக்குறைய மனப்பாடம். கண் தாளில் ஓடினாலும் மனம் தனக்குத் தெரிந்த வரியைத்தான் படிக்கும். ஆகவே உங்கள் பிரதி உங்களுக்கே கொஞ்சம் அந்நியமாக வேண்டும். ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். பிறகு வேறு எழுத்துருவில், பெரிய அளவில், தாளில் அச்சிட்டு வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு நிற்காமல் மேலே போங்கள்.

கணினியின் பிழைதிருத்தியை நம்பி இருந்துவிடாதீர்கள். சமயநல்லூர் பக்கம் போகும் பஸ்ஸில் ஒரு பெரியவர் ஏறி, "பறவையில் இறங்கினார்" என்று ஒரு பிரதியில் படித்தேன். காய்கறிச் சந்தை இருக்கிற பரவைதான் அது. பறவையும் நல்ல தமிழ்ச் சொல் ஆயிற்றே, மென்பொருள் அதற்கு எப்படிச் சிவப்புக் கோடு போடும்? பனி, பணி, மனம், மணம், ஏரி, ஏறி, அரை, அறை. இந்த இணைகளை ஒவ்வொன்றாகத் தேடி, வரும் இடங்களையெல்லாம் பாருங்கள். ஒரு நாள் வேலைதான்.

ஒற்றுப் பிழைகளைச் சரிசெய்யத் தொடங்கி மூன்றாம் அத்தியாயத்திலேயே நிற்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மேலூர்)

இரு சொற்களுக்கு இடையே க், ச், த், ப் போடும் ஒற்று வேலையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள் அம்மா. களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரைப் போக்கிய பிறகுதானே அரிசியில் கல் பொறுக்குகிறோம்? இரண்டு நாள் உட்கார்ந்து ஒற்றுப் போட்ட அத்தியாயமே கதைக்கு வேண்டாம் என்று பிறகு தெரிந்தால், அந்த உழைப்பு வீண். அதைவிட மோசம், உழைத்துவிட்டோமே என்பதற்காக அதை நீக்க மனம் வராமல் போவது.

முதல் சுற்றில் அத்தியாயங்களை மட்டும் பாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம், எது இடம் மாற வேண்டும்? முதல் அத்தியாயத்தைக் கூடுதல் கண்டிப்போடு பாருங்கள். நான் பார்த்த முதல் நாவல்களில் பெரும்பாலானவை உண்மையில் இரண்டாம் அத்தியாயத்தில்தான் தொடங்கின. அடுத்த சுற்று வாக்கியத்துக்கு. அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு வரி இது:

"அதிகாலையில் எழுந்த முருகேசன், எழுந்தவுடன் தன் வீட்டின் வாசலுக்கு வந்து, வாசலில் நின்றுகொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்."

எழுந்தது இரண்டு முறை, வாசல் இரண்டு முறை. வாசலுக்கு வந்தவன் நிற்கத்தான் செய்வான். இவற்றை வெட்டுவது எளிது. ஆனால் வாசகர் கேட்கக்கூடிய கேள்வி வேறு: தெருவில் அவன் எதைப் பார்த்தான்? ஆசிரியரிடம் கேட்டேன். "பால்காரரின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது, ஆளைக் காணோம்" என்றார். கதையின் முடிச்சே அந்த சைக்கிள்தான். அது அவர் மனத்தில் மட்டும் இருந்தது. "விடியும் முன் முருகேசன் வாசலுக்கு வந்தான். பால்காரரின் சைக்கிள் தெருவில் சாய்ந்து கிடந்தது" என்று அவரே எழுதிக் கொடுத்தார். என் பங்கு அந்த ஒரு கேள்வி மட்டுமே.

அப்படியானால் ஒற்று அவ்வளவு முக்கியம் இல்லையா? (கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்)

கடைசியில் செய்யச் சொன்னேன், விட்டுவிடச் சொல்லவில்லை. "வேலை கொடு" என்றால் பணி கேட்பது. "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கேட்பது. திருப்பரங்குன்றத்துக்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. "தந்த பலகை" ஒருவர் கொடுத்தது, "தந்தப் பலகை" யானைத் தந்தத்தால் ஆனது.

இலக்கணம் முழுவதையும் கற்றுவிட்டுத்தான் திருத்த வேண்டும் என்பதில்லை. ஐ, கு உருபுகளுக்குப் பின்னும், அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின்னும், கேட்டு, எடுத்து போன்ற வன்தொடர் வினையெச்சங்களுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். இவற்றைச் சரிசெய்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். வந்து, செய்து என்பவற்றுக்குப் பின்னும், "வந்த பையன்" போன்ற பெயரெச்சத்திலும், ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகையிலும் மிகாது. தேவையான ஒற்று விடுபடுவதைவிட, "வந்தப் பையன்" என்று வேண்டாத இடத்தில் முளைப்பது என்னை அதிகம் உறுத்துகிறது. முன்னது கவனக்குறைவு, பின்னதில், தெரிந்து எழுதுவதாக ஒரு தோற்றம் இருக்கிறது. அதனால் படிப்பவரும் அதையே சரியென்று கற்றுக்கொள்கிறார். கூடவே "சுவற்றில்" என்று எழுதியிருந்தால் "சுவரில்" என்று மாற்றிவிடுங்கள்.

என் கதைகளின் உரையாடல் முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. பொதுத் தமிழுக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? (உசிலம்பட்டி வாசகர்)

மாற்றாதீர்கள். "அங்கிட்டு" என்று சொல்லும் கிழவியை "அந்தப் பக்கம்" என்று பேசவைத்தால், அவர் வேறு ஊர்க்காரராகிவிடுவார். ஆனால் உங்கள் பிரதியை வாங்கிப் பார்த்ததில் வேறொரு சிக்கல் தெரிந்தது. ஒரே கதையில் "வந்தாய்ங்க", "வந்தாய்ங்கெ", "வந்தாய்ங்ய" என்று மூன்று விதமாக இருக்கிறது. பேச்சு ஒன்றுதான், எழுத்துதான் மூன்று. ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். இதற்கென்று ஒரு நோட்டில் அகர வரிசையில் சொற்பட்டியல் எழுதி, பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால், மெய்ப்புப் பார்ப்பவர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் "வந்தார்கள்" என்று திருத்திவைப்பார். புத்தகத்தின் கடைசியில் அருஞ்சொற்பொருள் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். நன்றாக எழுதிய கதையில் அந்தச் சொல்லின் பொருளைப் பக்கத்து வரி சொல்லிவிடும்.

1970-களில் மதுரையில் நடக்கும் நாவல் எழுதியிருக்கிறேன். தகவல் பிழைகளையும் பிரதி பார்ப்பவர் கவனிப்பாரா? (தல்லாகுளம் வாசகி)

கவனிக்க வேண்டும். ஆனால் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் அனுப்பிய பத்துப் பக்கங்களில் கதாநாயகன் 1975-ல் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் இறங்குகிறான். அந்த நிலையம் 1999-ல்தான் வந்தது. அவன் எழுதும் கடிதத்தின் முகவரியில் "தேனி மாவட்டம்" இருக்கிறது. திண்டுக்கல் 1985-லும் தேனி 1996-லும்தான் தனி மாவட்டங்களாயின. அதுவரை இரண்டுமே மதுரை மாவட்டம். நாவலில் வரும் ஒவ்வொரு கட்டடம், பாலம், மாவட்டம், நாணயம் ஆகியவற்றுக்கு எதிரே ஆண்டை எழுதி ஒரு பட்டியல் போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அணாக் கணக்கு 1957-ல் போய் நயா பைசா வந்தது. அதற்காக உங்கள் பூக்காரம்மா "நாலணா" என்பதைத் திருத்திவிடாதீர்கள். இருபத்தைந்து காசை மக்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் சொன்னார்கள். கதை சொல்பவர் அணா என்றால் பிழை, பாத்திரம் சொன்னால் உண்மை.

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவைக் "கும்மிருட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சித்ரா பௌர்ணமியை ஒட்டிய இரவு. வானத்தில் நிலா இருக்கும். மதுரை வாசகர் ஒருவர்கூட இதை மன்னிக்க மாட்டார்.

சொந்தமாக வெளியிட்டால் ஐஎஸ்பிஎன் கிடைக்குமா? (பலர்)

கிடைக்கும். ஐஎஸ்பிஎன் என்பது ஒரு புத்தகத்தை உலக அளவில் அடையாளம் காட்டும் 13 இலக்க எண். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். முன்கூட்டியே விண்ணப்பித்து, எண் வந்த பிறகு பின்னட்டையை முடியுங்கள். புத்தகம் வெளிவந்த 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்று 1954-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சொந்தமாக வெளியிடுவோர் பலர் இதை அனுப்புவதே இல்லை. தயவுசெய்து அனுப்புங்கள்.

பக்க வடிவமைப்பு முடிந்துவிட்டது. இனியும் மெய்ப்புப் பார்க்க வேண்டுமா? (சோழவந்தான் வாசகர்)

இப்போதுதான் அவசியம் பார்க்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றும்போதும், வடிவமைப்பு மென்பொருளில் கொட்டும்போதும் எழுத்துகள் உடையும். புள்ளி விழுந்துபோகும், ஔ என்பது ஒ, ள என்று இரண்டாகப் பிரியும், சாய்வெழுத்தில் இருந்த பத்தி நேராகிவிடும். பக்க எண்ணிக்கையையும் கவனியுங்கள். பக்கங்கள் தனித்தனியாக அல்ல, ஃபாரம் என்ற தொகுதிகளாகத்தான் அச்சாகும். பொதுவாக 16 பக்கம் ஒரு ஃபாரம். 163 பக்கத்தில் நின்றால், மூன்று பக்கத்தைக் குறைத்து 160-க்குக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ஆனால் அந்த வெட்டை நீங்கள் செய்யுங்கள், வடிவமைப்பாளரிடம் விடாதீர்கள்.

உள்ளே இருக்கும் எழுத்துகளை எல்லோரும் பார்க்கிறார்கள். அட்டை, முதுகு, பொருளடக்கம், சமர்ப்பணம் ஆகியவற்றை யாரும் படிப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் மெய்ப்புப் பார்த்த ஒரு கவிதைத் தொகுப்பில் உள்பக்கங்கள் சுத்தமாக வந்தன. சமர்ப்பணப் பக்கம் மட்டும் பிறகு தனியாகச் சேர்க்கப்பட்டது. அதை நான் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. கவிஞரின் மறைந்த தாயின் பெயர் "மீனாடசி" என்று அச்சாகியிருந்தது. வெளியீட்டுக்கு முந்தைய இரவு அவர் வீட்டுத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்து, 300 பிரதிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கறுப்பு மைப் பேனாவால் அந்த "ட" மேல் புள்ளி வைத்தோம். மை காயும்வரை புத்தகத்தை மூட முடியாது என்பதால் கூடம் முழுக்கத் திறந்த புத்தகங்கள் கிடந்தன. அவர் அன்றிரவு என்னிடம் ஒரு சொல்லும் கோபமாகப் பேசவில்லை.

அன்றிலிருந்து, கடைசியாகச் சேர்த்த பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். உங்கள் அட்டையையும் சமர்ப்பணத்தையும் இன்றே எனக்கு அனுப்பிவையுங்கள்.