நார்ஃபோக் என்னும் பெயர்: கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் கிழக்கே, வட கடலைப் பார்த்தபடி கிடக்கும் கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பகுதி, நார்ஃபோக். அதன் பெயரைத் தாங்கிய ஊர்கள், தீவு, பிரபுப் பட்டம், ஆடு, நாய், மரம் ஆகியவை பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் ஒன்றாக இருப்பதாலேயே எல்லாம் அந்த மண்ணிலிருந்து புறப்பட்டவை என்று எண்ணிவிடக் கூடாது என்பதைத்தான் பல பதில்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஐயா, முதலில் அந்தப் பெயருக்கு என்ன பொருள்? அதை எப்படி உச்சரிக்க வேண்டும்?

வடக்கு மக்கள் என்பதே பொருள். ரோமானியர் போன பிறகு வந்து குடியேறிய ஆங்கிள் இனத்தாரில் வடக்கே இருந்தவர்கள் நார்ஃபோக். தெற்கே இருந்தவர்கள் சஃபோக். அதாவது, இது முதலில் மக்களின் பெயர். நிலத்தின் பெயரானது பிறகுதான். எழுத்தில் இருக்கும் லகரம் பேச்சில் ஒலிக்காது. அந்தக் கவுண்டிக்காரர்கள் வாயில் அது ஏறக்குறைய ‘நார்ஃபக்’ என்றே வரும்.

கேள்வி: நார்ஃபோக் டியூக் என்பவர் அந்தக் கவுண்டியை ஆண்டவரா? அவருடைய அரண்மனை அங்கேதானா?

ஆண்டவர் அல்லர், அவருடைய கோட்டையும் அங்கே இல்லை. டியூக் என்பது பிரபுப் பட்டங்களில் மிக உயர்ந்தது; இங்கிலாந்தின் டியூக்குகளில் அரச குடும்பத்தாருக்கு அடுத்தபடியாக முதலிடம் வகிப்பவர் இவர். ஆனால் இவருடைய ஆரண்டல் கோட்டை இருப்பது இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள மேற்கு சசெக்ஸில்.

இதற்குக் காரணம் ஒரு திருமணம். 1397இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் தாமஸ் மோப்ரேக்கு இப்பட்டத்தை வழங்கினார். மோப்ரே வம்சத்தில் ஆண் வாரிசு அற்றுப்போகவே, அந்தக் குடும்பத்துப் பெண் வழி வந்த ஜான் ஹோவர்டுக்கு 1483இல் பட்டம் புதிதாக வழங்கப்பட்டது. அவர் இரண்டே ஆண்டில், 1485இல் பாஸ்வர்த் போர்க்களத்தில், மூன்றாம் ரிச்சர்டின் பக்கம் நின்று மாண்டார். அவருடைய மகன் ஸ்காட்லாந்துப் படையை 1513இல் ஃப்ளாடனில் தோற்கடித்த பிறகே பட்டம் குடும்பத்துக்குத் திரும்பியது. நான்காம் டியூக் 1555இல் ஆரண்டல் பிரபுவின் மகளை மணந்ததால் அந்தக் கோட்டை ஹோவர்டுகளின் வழிக்கு வந்தது. அதே டியூக், ஸ்காட்லாந்து ராணி மேரியை மணக்கத் திட்டமிட்ட விவகாரத்தில் சிக்கி, 1572இல் தலையை இழந்தார். பட்டம் மீண்டும் பறிபோய் 1660இல்தான் மீட்கப்பட்டது.

இந்தக் குடும்பத்துக்கு ‘ஏர்ல் மார்ஷல்’ என்ற பரம்பரைப் பதவியும் உண்டு. முடிசூட்டு விழா போன்ற பெரிய அரசு விழாக்களை நடத்துவது அவருடைய பொறுப்பு. 2022இல் எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்கையும் 2023இல் சார்லஸ் மன்னரின் முடிசூட்டலையும் ஏற்பாடு செய்தவர் பதினெட்டாம் டியூக்தான்.

பட்டத்தை வைத்து ஊரைத் தேடுவது பொதுவாகவே ஏமாற்றத்தில் முடியும். டெவன்ஷயர் டியூக்கின் சாட்ஸ்வர்த் மாளிகையும் டெர்பிஷயரில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் மரம் என்று வாங்கி வைத்த செடியை நார்ஃபோக் பைன் என்கிறார்கள். அது இங்கிலாந்து மரமா?

இல்லை அம்மா. இங்கிலாந்து நார்ஃபோக்கின் குளிர்காலத்தில் அதை வெளியே நட்டால் தாங்காது. அது பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் நார்ஃபோக் தீவின் மரம். கண்டிப்பாகச் சொன்னால் அது பைனும் அன்று. அராகேரியா குடும்பத்தைச் சேர்ந்தது.

என் வீட்டு மாடியிலும் ஒன்று தொட்டியில் நிற்கிறது. தண்டைச் சுற்றி அடுக்கடுக்காக, குடை விரித்தாற்போல் கிளைகள். இலைகள் தொட்டால் குத்தாத, வளைந்த, மெல்லிய ஊசிகள். ஆனால் வயதான மரத்தில் அதே இலைகள் தடித்துச் செதில்களாகி ஒன்றன்மேல் ஒன்று படிந்து, கிளையே கயிறு முறுக்கியது போலத் தெரியும். இலை இரு விதமாக இருப்பதால்தான் தாவரவியலார் அதற்கு ‘ஹெட்டிரோஃபில்லா’ என்று பெயரிட்டார்கள். சொந்தத் தீவில் அது 50 மீட்டருக்கு மேல் வளரும் என்பதை நினைத்தால், தொட்டியில் நிற்பதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அந்தத் தீவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

கேப்டன் ஜேம்ஸ் குக் 1774 அக்டோபரில் அந்தத் தீவைக் கண்டு, நார்ஃபோக் டியூக்கின் மனைவியைக் கௌரவிக்க அப்பெயரை வைத்தார். ஆக, தீவின் பெயர் கவுண்டியிலிருந்து நேராக வரவில்லை. பட்டத்தின் வழியாகச் சுற்றி வந்தது. இதில் மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. குக் 1772இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டார். அந்தச் சீமாட்டி 1773இல் காலமாகிவிட்டார். நடுக்கடலில் இருந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

தீவில் ஓங்கி நின்ற மரங்களைப் பார்த்த குக், கப்பல்களின் பாய்மரத்துக்கு ஆகும் என்று எண்ணினார். 1788இல் பிரிட்டிஷார் அங்கே கைதிகளுடன் குடியேறியதற்கு அதுவும் ஒரு காரணம். நெட்டையாக நின்றதே தவிர, பாய்மரத்துக்கு வேண்டிய உறுதி அம்மரத்தில் இல்லை. இருந்தாலும் அந்தத் தீவிலேயே கட்டிய ‘நார்ஃபோக்’ என்னும் சிறு கப்பலில்தான் பாஸ், ஃப்ளிண்டர்ஸ் என்னும் கடலாய்வாளர்கள் 1798இல் டாஸ்மேனியாவைச் சுற்றத் தொடங்கி, அது தனித் தீவு என்று நிரூபித்தார்கள்.

கேள்வி: டாஸ்மேனியாவில் நியூ நார்ஃபோக் என்று ஓர் ஊர் இருக்கிறதே, அது இங்கிலாந்துக் கவுண்டியின் நினைவாகத்தானே?

அப்படித்தான் எவருக்கும் தோன்றும். உண்மையில் அது தீவின் நினைவாக வைத்த பெயர். நார்ஃபோக் தீவின் குடியேற்றத்தைக் கலைக்க முடிவானபோது, 1807 முதல் அங்கிருந்தவர்கள் டாஸ்மேனியாவுக்கு மாற்றப்பட்டார்கள். ஆளுநர் மக்வாரி தம் மனைவியின் பெயரால் அந்த ஊரை எலிசபெத் டவுன் என்று அழைத்தார். ஆனால் தீவை விட்டு வந்தவர்களுக்கு விட்டுவந்த இடத்தின் பெயரே வேண்டியிருந்தது. கடைசியில் நிலைத்ததும் அதுவே. கவுண்டியிலிருந்து பட்டத்துக்கும், பட்டத்திலிருந்து ஒரு பெண்மணிக்கும், அவரிடமிருந்து தீவுக்கும், தீவிலிருந்து இந்த ஊருக்கும் என நான்கு கை மாறிய பெயர் இது.

கேள்வி: அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் நார்ஃபோக்?

வர்ஜீனியாவில் உள்ள அந்த நகரம் மட்டும் நேர் வாரிசு என்று சொல்லலாம். நார்ஃபோக் கவுண்டியின் கிங்ஸ் லின் ஊரிலிருந்து போய்க் குடியேறிய ஆடம் தாரோகுட் என்பவரே 17ஆம் நூற்றாண்டில் தம் சொந்தக் கவுண்டியின் பெயரை அங்கே வைத்தார் என்பார்கள்.

கேள்வி: நார்ஃபோக் டெரியரும் நாரிச் டெரியரும் ஒரே நாயா, வேறா?

நாரிச் என்பது நார்ஃபோக்கின் தலைநகர். 1964 வரை பிரிட்டனில் இரண்டும் நாரிச் டெரியர் என்ற ஒரே பெயரில் பதிவாயின. அந்த ஆண்டில் காது மடங்கியவற்றை நார்ஃபோக் என்று பிரித்தார்கள். காது நிமிர்ந்தவை நாரிச் ஆகவே நீடித்தன. இரண்டும் முழங்கால் உயரம்கூட இராது.

கேள்வி: சஃபோக் ஆடு நார்ஃபோக் ஆட்டின் வழி வந்தது என்று படித்தேன். சரியா?

மிகவும் சரி. நார்ஃபோக் ஹார்ன் என்பது கறுத்த முகமும் கொம்பும் நெடிய காலும் கொண்ட செம்மறி. மணற்பாங்கான வறட்டு மேய்ச்சலிலும் பிழைக்கும், ஆனால் கறி குறைவு. அதன் பெட்டை ஆடுகளைச் சவுத்டவுன் என்னும் மற்றோர் இனத்துக் கிடாக்களுடன் சேர்த்துப் பெற்ற கலப்பினமே சஃபோக். முகத்தின் கறுப்பு தாயிடமிருந்தும், உடலின் சதைப்பற்று தந்தையிடமிருந்தும் வந்தன. கலப்பினம் பேர்வாங்கியபின் தாயினத்தை வளர்ப்பார் இல்லை. 1973இல் கடைசித் தூய கிடாவும் செத்தது. பிறகு எஞ்சிய இரத்தத்தை சஃபோக் ஆடுகளுடனேயே சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பழைய சாயலை மீட்டார்கள். மகளைக் கொண்டு தாயை மீட்ட இக்கதையை நான் யாருக்குச் சொன்னாலும் மறுபடி ஒருமுறை விளக்கச் சொல்கிறார்கள்.

கேள்வி: நெப்ராஸ்காவிலும் ஒரு நார்ஃபோக் உண்டு. அங்கே போன இங்கிலாந்துக்காரர் யார்?

யாருமில்லை. 1866இல் அங்கே குடியேறியவர்கள் விஸ்கான்சினிலிருந்து வந்த ஜெர்மானிய லூத்தரன் குடும்பங்கள். எல்க்ஹார்ன் ஆற்றின் வடகிளையை ஆங்கிலத்தில் ‘நார்த் ஃபோர்க்’ என்பார்கள்; அதைச் சுருக்கி ‘நார்ஃபோர்க்’ என்று ஊருக்குப் பெயர் கேட்டார்கள். அஞ்சல் துறையினர் அதை எழுத்துப்பிழை என்று கருதித் தங்களுக்குத் தெரிந்த நார்ஃபோக்காகத் திருத்திவிட்டார்கள். அவ்வூர்க்காரர்கள் பலர் இன்றும் ரகரத்தை விடாமல் ‘நார்ஃபோர்க்’ என்றே சொல்கிறார்கள்.