எங்கள் தெருவில் பெரிய அடுக்குமாடி வரப்போகிறது. எதிர்ப்பதா, விட்டுவிடுவதா?

தனி வீடுகள் மட்டுமே இருந்த தெருவில் நடுவே ஒரு பெரிய அடுக்குமாடி வருகிறது, வெயிலும் காற்றும் போய் நெரிசல் கூடிவிடும், மனு கொடுத்தால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மேலே எத்தனை மாடி என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். கீழே எத்தனை தளம் தோண்டுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்டது அதைத்தான்.

அம்மா வீட்டுக்குப் பின்னால் இரண்டு வீடுகளை இடித்துவிட்டு 9 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். தெருக்காரர்கள் நாலு தடவை கூடிப் பேசினோம். வெயில் மறைந்துவிடும், பால்கனியில் நின்றால் எங்கள் பின்வாசல் தெரியும், சாக்கடைக் குழாய் பழசு, இன்னும் இத்தனை குடும்பத்தைத் தாங்குமா என்றெல்லாம் பேச்சு. எல்லாமே நியாயம்தான். வெயிலுக்காகச் சண்டை போடுவது சுயநலம் என்று எழுத இங்கே சிலர் வருவார்கள், அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நியூயார்க்கில் 1915-ல் கட்டி முடித்த ஈக்விட்டபிள் கட்டடம் தெருவோரத்திலிருந்து நெட்டுக்குத்தாக எழும்பி அக்கம்பக்கத்தை இருட்டாக்கியது. அது கிளப்பிய கோபமும் சேர்ந்துதான் 1916-ல் அந்த நகரம் கட்டடங்களின் உயரத்துக்கும் வடிவத்துக்கும் விதி கொண்டுவந்தது. ஜப்பானில் ஓர் உயரமான கட்டடம் பக்கத்து மனைமேல் எத்தனை மணி நேரம் நிழல் போடலாம் என்பதற்கே 1976-லிருந்து சட்டம் இருக்கிறது. பகல் பொழுது மிகக் குறைவான நாளை வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள்.

எங்களுக்கு அடி விழுந்தது தரைக்குக் கீழேயிருந்து. வண்டி நிறுத்துவதற்காக இரண்டு பேஸ்மென்ட் தோண்டினார்கள். பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போனால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும், வேலை நடக்க அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் ராப்பகலாக ஓடியது. பள்ளத்தில் இருக்கிற தண்ணீர் மட்டும் வெளியே போவதில்லை, சுற்றியுள்ள மண்ணிலிருந்தும் அந்தப் பக்கமாக வடிகிறது. களிமண்ணோ வண்டலோ இருந்தால், நீர் வடிந்த மண் அமுங்கும். ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கிற பழைய வீடு அதோடு சேர்ந்து இறங்கும், அதுவும் பள்ளத்துப் பக்கம் கூடுதலாக. அப்போதுதான் சுவர் கிழிகிறது.

அம்மா முதலில் சொன்னது படுக்கையறைக் கதவைப் பற்றி. "தாழ்ப்பாள் துளையில விழ மாட்டேங்குதுடா, வந்து பாரேன்" என்றார். ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று சொல்லிவிட்டு நான் போகவில்லை. மூன்று வாரம் கழித்துப் போனேன். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு விரிசல். சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. அந்த மூன்று வாரம் இன்னும் என்னை உறுத்துகிறது.

பில்டர் தரப்பு இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, "பழைய வீடு சார், முன்னாடியே இருந்திருக்கும்" என்றார். இல்லை என்று காட்ட எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வீடு அம்மா பேரில் இருக்கிறது, அவர் அங்கேயே நிற்கிறார், ஆனால் அந்த மனிதர் பேசியது முழுக்க என்னிடம். வங்கியில் அப்படித்தான், டாக்டரிடமும் அப்படித்தான். "அம்மாவுக்கு எங்கே வலிக்குது?" என்று என்னைக் கேட்கிறார்கள். எழுபது வயதானால் காதும் புத்தியும் போய்விடுமா? கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியில் கைகொடுத்தது என் மகளின் போட்டோ. அந்தச் சுவரில்தான் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் உயரத்தை அம்மா பென்சிலால் கோடு போட்டு வைப்பார். ஏழாவது கோடு போட்ட அன்று போனில் எடுத்த படத்தில் அவள் ஓரமாக நிற்கிறாள், சுவர் முழுசாகத் தெரிகிறது, ஒரு கீறல்கூட இல்லை. தேதி, தோண்டத் தொடங்குவதற்கு ஐந்து மாதம் முந்தையது. இப்போது அதே சுவரில் விரிசல் மூன்றாவது கோட்டையும் இரண்டாவது கோட்டையும் வெட்டிக்கொண்டு இறங்குகிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் சுவரைச் சரிசெய்து தர ஒப்புக்கொண்டார்கள்.

அதனால் மனுவில் இவற்றை எழுதிக் கேளுங்கள்: நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எத்தனை நாள் இறைப்பார்கள், வெளித் தண்ணீர் உள்ளே வராமல் பள்ளத்தைச் சுற்றித் தடுப்புச் சுவர் இறக்குவார்களா, பக்கத்து மனைகளில் நீர்மட்டத்தை அளக்கக் குழாய் வைப்பார்களா. பைல், அதாவது மண்ணில் ஆழமாக இறக்குகிற அஸ்திவாரத் தூண், போடுவதாக இருந்தால் அடித்து இறக்குகிறார்களா, துளையிட்டு வார்க்கிறார்களா என்பதும் முக்கியம். அடித்து இறக்கினால் அதிர்வு அதிகம். சாதாரணக் குடியிருப்பு வீடுகளின் அஸ்திவாரத்தில், நொடிக்குச் சில தடவையே ஆடுகிற மெதுவான அதிர்வுக்கு, ஜெர்மனியின் டின் 4150 தரவிதி அஸ்திவாரம் ஆடும் வேகத்துக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டரை வரம்பாக வைத்திருக்கிறது. கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லலாம். விரிசல் வந்துவிட்டால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு முனையிலும் பூச்சு வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

நான் அடுக்குமாடிக்கு எதிரி இல்லை. நானே பதினோரு வருடமாக ஒன்றில்தான் குடியிருக்கிறேன். அம்மா வீட்டுக்குப் பின்னால் குடிவந்தவர்கள்மேலும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவர்களுக்கும் வீடு வேண்டும்தானே. தோண்டுவதற்கு முன்னால் சுற்றியுள்ள வீடுகளைப் போய்ப் பார்த்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒரு பதிவு வைத்துக்கொள்ள ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளை எங்களுக்கு யாரும் ஒதுக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

உங்கள் தெருவில் இன்னும் பள்ளம் தோண்டவில்லை என்றால் இந்த வாரமே போனை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சுவர், தரை, கூரை, மதில் எல்லாவற்றையும் படம் எடுங்கள். வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளுக்கு முதலில் போங்கள்.