கணவர் அடித்ததாகப் புகார் கொடுத்து நாலு நாள், போலீஸிடமிருந்து பேச்சே இல்லை. மூடிவிட்டார்களா?

அப்படி அர்த்தமில்லை. அழைப்பு வரவில்லை, கணவரைக் கைது செய்யவில்லை என்பதால் மட்டும் புகாரை மூடிவிட்டதாக ஆகாது. வாக்குமூலம் வாங்கியவர் ஒருவர், விசாரிக்கப் போகிறவர் வேறொருவர் என்று இருக்கலாம். கோப்பு கைமாறும்போது இந்த இடைவெளி விழலாம்.

புகார் எண் கையில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கணவர் எடுத்துப் பார்க்க முடியாத போனிலிருந்து நிலையத்துக்கு அழைத்துக் கேளுங்கள்: விசாரணை அதிகாரி யார், கணவரை விசாரித்தாகிவிட்டதா, கைது செய்தால் விடுவிக்கும் முன் எனக்குச் சொல்வீர்களா? பதிலைத் தேதி, பெயரோடு குறித்து வையுங்கள். எண்ணே தரவில்லை என்றால் அது வேறு கதை, புகார் பதிவாகாமலே இருக்கலாம். துணைக்கு ஒருவரோடு நேரில் போய் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், காயத்தை மருத்துவரிடம் காட்டிப் பதிவு வாங்கினீர்களா? வீக்கம் வற்றிவிடும், அந்தக் காகிதம் நிற்கும். மிரட்டல் செய்திகளையும் அழிக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: புகார் விஷயம் கணவருக்குத் தெரியவரும் நாட்களில் ஆபத்து கூடலாம். “பேசித் தீர்த்துக்கலாம்” என்று தனியாக அழைத்தால் போகாதீர்கள். பல நாடுகளில், குற்ற வழக்கு முடியும்வரை காத்திராமலே, அவர் உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு ஆணைக்கு நீதிமன்றத்தில் மனு போடலாம்.