புரோஜெஸ்ட்ரான் குறைவு: மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்

கே: 6 வாரம், டாக்டர். புரோஜெஸ்ட்ரான் 11. தங்குமா?

ப: 11-ஐ வைத்து ஜோசியம் சொல்ல முடியாது. இது கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன், விட்டுவிட்டுச் சுரக்கும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். 7 முதல் 9 வாரம் வரை சினைப்பையிலுள்ள கார்பஸ் லூட்டியம் (கருமுட்டை வெளியான இடத்தில் உருவாகும் திசு) சுரக்கிறது, அப்புறம் நஞ்சுக்கொடி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது. கரு வளராமல் நின்றுபோனாலும் அளவு இறங்கும். பல நேரம் குறைவு என்பது விளைவுதான், காரணமல்ல. இதயத்துடிப்புக்கு ஸ்கேன் பாருங்கள்.

கே: லேசாக ரத்தம் படுகிறது. முன்பு மூன்று கலைந்துவிட்டன.

ப: புரோஜெஸ்ட்ரான் மருந்துக்கு நல்ல ஆதாரம் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். 2019-இல் வந்த பிரிட்டனின் பிரிஸ்ம் ஆய்வில் 4,153 பேர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் தெளிவான பலன் இல்லை. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை கலைந்தவர்களில் குழந்தை பெற்றவர்கள் மாத்திரை எடுத்தபோது 72 சதவீதம், எடுக்காதபோது 57. அங்குள்ள நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பின்படி, முன்பு ஒருமுறை கலைந்திருந்து இப்போது ரத்தம் பட்டாலே போதும்: கரு கர்ப்பப்பைக்குள் இருப்பதை ஸ்கேனில் பார்த்தபின், 400 மில்லிகிராம் காலையும் இரவும் பிறப்புறுப்பில். துடிப்பு தெரிந்தால் 16 வாரம் முடியும்வரை. ஒருபக்கமாகச் சுருக்கென்று வலி, தோள் வலி, மயக்கம் வந்தால் மாத்திரையை எண்ணிக்கொண்டிராதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. கரு குழாயில் இருக்கலாம்.

கே: வெள்ளையாக வழிகிறதே, மருந்து வீணா?

ப: வழிவது கேப்சூலில் மருந்தோடு கலந்த துணைப்பொருள். பேட் வையுங்கள், மருந்தை வைத்தபின் அரைமணி படுங்கள்.

கே: வாராவாரம் ரத்தப் பரிசோதனை செய்தால்தானே மருந்து வேலைசெய்வது தெரியும்?

ப: தெரியாது. டைட்ரோஜெஸ்ட்ரான் என்ற செயற்கை வகை மாத்திரை அந்தப் பரிசோதனையில் பிடிபடாது. பிறப்புறுப்பில் வைப்பது கர்ப்பப்பையில் சேரும், ரத்தத்தில் கொஞ்சம்தான் தெரியும்.

கே: என் அண்ணிக்கு வாராவாரம் பார்த்து ஊசி போட்டுத்தான் தங்கியது!

ப: ஊசி போடாமலும் தங்கியிருக்கலாமே, அம்மா. ஒருவரை வைத்து அதைப் பிரித்தறிய முடியாது. எண்ணெய் ஊசி இடுப்பில் கட்டி கட்டும். தேவையில்லாதவருக்கு அந்த வலி எதற்கு?

கே: அப்போ நானே நிறுத்திவிடலாமா?

ப: ஐயோ! சோதனைக்குழாய் சிகிச்சையில் ஹார்மோன் கொடுத்து, உறையவைத்த கருவை வைத்தவர்களுக்குக் கார்பஸ் லூட்டியமே இருக்காது. நிறுத்தினால் தாங்குவதற்கு ஆளில்லை. நிறுத்துவது உங்கள் டாக்டர் சொல்லும் வாரத்தில்.

கே: எனக்கு 9. தங்குமா?

ப: முதல் பதில்.

கே: 14, டாக்டர்...

ப: அதே பதில். ஸ்கேன்.

கே: விழுங்கும் கேப்சூலில் தலை சுற்றுகிறது. நிலக்கடலை அலர்ஜியும் உண்டு.

ப: படுக்கப்போகும்போது விழுங்குங்கள். சில கேப்சூலில் கடலை எண்ணெய் இருக்கும். அட்டையைப் படித்து, டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

கே: 20 வார ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 22 மில்லிமீட்டர்.

ப: இது வேறு விஷயம். 25-க்குக் கீழ் என்றால் குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போட இரவில் புரோஜெஸ்ட்ரான் 200 மில்லிகிராம் பிறப்புறுப்பில் வைப்பது வழக்கம். இன்றே உங்கள் டாக்டரைப் பாருங்கள்.