பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா: கேளுங்கள், சொல்கிறேன்

ரத்தம் குடித்து வாழும் டிராகுலா பிரபுவைப் பற்றி 1897 மே மாதம் லண்டனில் வெளியான ‘டிராகுலா’ நாவலை இருபது வருஷமாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறவன் நான். நாவல், அதை எழுதிய ஸ்டோக்கர், அதிலிருந்து கிளம்பிய நாடகம், சினிமா என எதைப் பற்றியும் கேளுங்கள். ஒரே வேண்டுகோள்: படத்தில் பார்த்தது நாவலிலும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

வைகைக்கரை: வெயில் பட்டால் டிராகுலா சாம்பலாகிவிடுவார் என்பது ஸ்டோக்கர் எழுதியதுதானே?

பார்த்தீர்களா, முதல் கேள்வியே இது. நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலி தெருவில் நிற்கிறார். முன்பு அவருடைய கோட்டையில் சிக்கித் தப்பிய இளம் வக்கீல் ஜோனதன் ஹார்க்கர் எதிரே வந்தவன், அவரைப் பார்த்து வெலவெலத்துப்போகிறான். பகலில் அவருக்குச் சக்தி குறைவு, நினைத்த நேரத்தில் உருமாற முடியாது, அவ்வளவுதான்.

வெயிலில் மறைந்துபோவது 1922இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ‘நொஸ்ஃபெராட்டு’ படத்தில் வந்தது. அனுமதி வாங்காமல் எடுத்த படம் அது. டிராகுலாவை ஓர்லாக் என்று பெயர் மாற்றிவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். ஸ்டோக்கர் 1912லேயே இறந்துவிட்டார். அவருடைய மனைவி ஃப்ளாரன்ஸுக்கு அந்தப் புத்தகம்தான் சொத்து. விடாமல் வழக்கு நடத்தினார். படக் கம்பெனி திவாலானது. பணம் பெயராது என்று ஆனதும், 1925இல் பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வாங்கினார். சில பிரதிகள் தப்பிவிட்டன. தப்பிய அந்தப் படச்சுருளிலிருந்துதான் உலகத்து ரத்தக்காட்டேரிகளுக்கெல்லாம் வெயில் பயம் தொற்றியது.

திரைப்பித்தன்: அப்படியானால் கறுப்பு அங்கியும் தூக்கி நிற்கும் காலரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹார்க்கர் முதலில் பார்க்கும் டிராகுலா ஒரு கிழவர். நீளமான வெள்ளை மீசை, தலை முதல் கால் வரை கறுப்பு உடை, உள்ளங்கையில் மயிர். ரத்தம் குடிக்கக் குடிக்க இளமை திரும்புகிறது. மாலை விருந்துக்குப் போகிற கனவான் தோற்றம் நாவலில் கிடையாது.

1924இல் ஹாமில்டன் டீன் என்ற நடிகர் இதை நாடகமாக்கி இங்கிலாந்தில் டெர்பி ஊரில் மேடையேற்றினார். வரவேற்பறையில் நடக்கிற நாடகம் என்பதால் டிராகுலா நாலு பேர் உட்கார்ந்து பேசும் இடத்துக்கு வரத் தக்கவராக இருக்க வேண்டும். அதனால் கோட்டு, அங்கி. காலரை உயர்த்தியது ஒரு மேடைத் தந்திரத்துக்காக. கண்ணுக்கு முன்னே கற்பனை செய்து பாருங்கள்: மற்றவர்கள் டிராகுலாவைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார். உயர்ந்த காலர் பின்தலையை மறைத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் அங்கியிலிருந்து நழுவி, மேடைப் பலகையில் வெட்டிய கதவு வழியாகக் கீழே இறங்கிவிடுகிறார். பிடித்தவர்கள் கையில் வெறும் அங்கி! 1927இல் நியூயார்க்கில் அதே வேஷத்தில் பேலா லுகோசி நடித்தார். 1931இல் சினிமாவிலும் அவரே. சினிமாவில் அந்தத் தந்திரத்துக்கு வேலையே இல்லை. ஆனாலும் காலர் அப்படியே நின்றுவிட்டது.

மலர்விழி: நீண்ட கோரைப்பல்லாவது நாவலில் உண்டா?

உண்டு. உதட்டுக்கு வெளியே தெரியும் கூரான வெள்ளைப் பற்கள். லுகோசி படத்தில்தான் பல்லைக் காட்டவில்லை. 1958இல் கிறிஸ்டஃபர் லீ நடித்த வண்ணப்படத்தில் பல்லும் ரத்தமும் திரை முழுக்கத் தெரிந்தன.

வரலாற்று ஆர்வலன்: டிராகுலா என்பது ருமேனியாவில் ஆட்களைக் கழுவேற்றிய விளாட் மன்னன்தானே? பிரான் கோட்டை அவனுடையதுதானே?

இரண்டுக்கும் இல்லை என்றே சொல்வேன். 1890இல் ஸ்டோக்கர் விட்பி என்ற கடலோர ஊருக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே நூலகத்தில் இன்றைய ருமேனியாவில் இருக்கும் வல்லாக்கியா பற்றி வில்கின்சன் என்பவர் 1820இல் வெளியிட்ட நூலை எடுத்துப் படித்தார். அதில் ‘டிராகுலா’ என்ற பெயரும், அந்த ஊர் மொழியில் அதற்குப் ‘பிசாசு’ என்று பொருள் என்ற அடிக்குறிப்பும் இருந்தன. அதுவரை தன் பாத்திரத்துக்கு ‘வாம்பிர் பிரபு’ என்றுதான் குறிப்பேட்டில் பெயர் எழுதி வைத்திருந்தார். பெயர் பிடித்துப்போய் மாற்றிக்கொண்டார். நாவலில் துருக்கியரோடு போர் செய்த ஒரு மூதாதையைப் பற்றி நாலு வரி வரும். கழுமரம் பற்றி ஒரு வார்த்தைகூட வராது. பிரான் கோட்டை விளாடுக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை.

கோட்டைமேடு: விளாட் மன்னன்தான் நிஜ டிராகுலா என்கிறார்களே, உண்மையா?

மேலே இருக்கிறது, படியுங்கள்.

புதுவாசகி: எந்தப் பதிப்பு வாங்கலாம்?

சுருக்கப் பதிப்பை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு, ஃபோனோகிராஃபில் பதிந்த பேச்சு ஆகியவற்றால் ஆனது. சுருக்குகிறவர்கள் இதையெல்லாம் உருவிவிட்டு ‘ஒரு ஊரில் ஒரு பிரபு’ என்று நேர்க்கதையாக்கிவிடுகிறார்கள். உயிர் அங்கேயே போய்விடுகிறது.

பாட்டி சொன்ன கதை: ரிச்சர்ட் பர்ட்டன் 1870இலேயே நம் விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை ஆங்கிலத்தில் போட்டாரே. ஸ்டோக்கர் அதைத் திருடித்தானே டிராகுலா எழுதினார்?

திருடவில்லை. பர்ட்டனை ஸ்டோக்கர் நேரில் அறிவார். பேசும்போது மேலுதடு உயர்ந்து கோரைப்பல் குத்துவாள் போல மின்னியதை 1906இல் எழுதிய நினைவு நூலில் சொல்லியிருக்கிறார். அதற்காக வேதாளத்தை டிராகுலா ஆக்க முடியுமா? நம் வேதாளம் முருங்கை மரத்தில் தலைகீழாகத் தொங்கும், தோளில் ஏறும், கதை சொல்லும், கேள்வி கேட்கும். ரத்தம் குடிக்காது. பர்ட்டன் தலைப்பில் ‘வேம்பயர்’ என்று போட்டுவிட்டதால் வந்த குழப்பம் இது.

பாட்டி சொன்ன கதை: நாவலிலேயே இந்தியாவில் வேம்பயர் உண்டு என்று டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் சொல்கிறாரே!

சொல்கிறார். அதே மூச்சில் கிரீஸ், ரோம், ஜெர்மனி, பிரான்ஸ், சீனா எல்லாவற்றையும் சொல்கிறார். மனிதன் இருக்கும் இடமெல்லாம் அது உண்டு என்பதற்காகச் சொல்லும் பட்டியல் அது.

ஆடிப்படையல்: குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். பர்ட்டன் வேதாளத்தை வேம்பயர் ஆக்கியது தப்பு என்கிறீர்கள். நீங்கள் மட்டும் வேம்பயரை ‘ரத்தக்காட்டேரி’ என்று எழுதலாமா? காட்டேரி எங்கள் குலதெய்வம். வருஷா வருஷம் படையல் போடுகிறோம்.

திரைப்பித்தன்: அது பழகிப்போன சொல்தானே? காமிக்ஸ் காலத்திலிருந்து அப்படித்தான் படிக்கிறோம்.

ஆடிப்படையல்: பழகியது உங்களுக்கு. என் அம்மா அந்தப் பெயரைக் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் சொல்லுவாள்.

திரைப்பித்தன், இந்த இடத்தில் நான் அவர் பக்கம். பர்ட்டனைக் குறை சொன்ன அதே பதிலுக்கு மேலே நான் ‘ரத்தக்காட்டேரி’ என்று எழுதியிருக்கிறேன். இவ்வளவு நாள் இது எனக்கு உறைக்கவே இல்லை. காட்டேரி பிடிக்கும், வாட்டும் என்ற பயம் ஊரில் உண்டுதான். ஆனால் பயந்து கும்பிடும் தெய்வம் வேறு, கல்லறைப் பெட்டியிலிருந்து எழுந்து வரும் பிணம் வேறு. கும்பிட்டால் காப்பாற்றும் என்ற பேச்சே டிராகுலாவிடம் கிடையாது. இனி வேம்பயர் என்றே எழுதுகிறேன்.

திரைப்பித்தன்: ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுப்பது மட்டும் சரியா?

அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கடனாக வந்ததுதான். அவர்கள் கடன் வாங்கினார்கள், நாமும் வாங்குவோம். ஒருவர் வீட்டுச் சாமியின் பெயரை எடுப்பதைவிட அது மேல்.

இரவுப்பணி: விளாட் மன்னன் பற்றி ஒரு கேள்வி...

வேண்டாம் ஐயா. மூன்றாவது தடவை.

தமிழ்மாணவன்: வேம்பயர் கதைகள் முன்பே இருந்தன என்கிறார்கள். இது மட்டும் ஏன் இவ்வளவு நிலைத்தது?

உண்மைதான். போலிடோரியின் கதை 1819, லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1872. ஸ்டோக்கர் அந்த வழியில் வந்தவர்தான்.

அமெரிக்காவில் காப்புரிமைக்கான சம்பிரதாயத்தை முடிக்காமல் விட்டதால் அங்கே நாவல் பொதுச்சொத்தாகிவிட்டது என்று ஒரு காரணம் சொல்வார்கள். அதுவும் உதவியிருக்கும். என் மனசுக்குப் படுவது வேறு. எல்லாரும் நாட்குறிப்பு எழுதும் இந்த நாவலில் டிராகுலாவின் நாட்குறிப்பு ஒரு பக்கம்கூடக் கிடையாது. முதல் நாலு அத்தியாயம் தாண்டினால் அவர் எப்போதாவதுதான் வருகிறார். அவரை மற்றவர்கள் பார்த்ததாகத்தான் நமக்குத் தெரியும். ஹார்க்கர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்க்கிறான். கீழே கோட்டைச் சுவரில், தலை கீழாக, அங்கி இறக்கை போல் விரிய, பல்லி போல ஒரு மனிதர் இறங்கிப் போகிறார். ஏன், எங்கே என்று அவர் பக்கத்திலிருந்து ஒரு சொல் கிடையாது. அந்தக் காலி இடத்தில்தான் ஒவ்வொரு காலமும் தன் பயத்தைக் கொண்டுபோய் வைத்தது. முர்னாவ் எலியையும் கொள்ளைநோயையும் வைத்தார். லுகோசி கனவானை வைத்தார். அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சி ஒன்றில் 1972இலிருந்து எண் கற்றுத்தரும் பொம்மையாகவும் இருக்கிறார்.

சின்னவன்: கடைசியில் நெஞ்சில் மரக்கட்டை அடித்துத்தானே கொல்கிறார்கள்?

இல்லை. கத்தி இரண்டு. ஒன்று கழுத்தில், ஒன்று நெஞ்சில்.

புதுவாசகி: சுருக்கப் பதிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

நல்ல காரியம் செய்தீர்கள். முதலிலிருந்தே படியுங்கள். பொறுமையில்லை என்றால் ஏழாம் அத்தியாயத்தில் ‘டெமீட்டர்’ கப்பலின் குறிப்பேட்டை மட்டும் முதலில் பாருங்கள். 1885இல் நார்வாவிலிருந்து வந்த ‘திமித்ரி’ என்ற ருஷ்யக் கப்பல் விட்பியில் நிஜமாகவே தரை தட்டியது. ஸ்டோக்கர் அந்த ஊர்க்காரர்களிடம் விசாரித்து எழுதி வைத்துக்கொண்டார். நார்வாவின் எழுத்துகளை மாற்றிப்போட்டால் வார்னா. கதைக் கப்பல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஐந்து மாலுமிகள், இரண்டு துணை அதிகாரிகள், சமையல்காரர், கேப்டன். ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். டிராகுலா என்ற பெயர் அந்தக் குறிப்பேட்டில் ஒரு இடத்திலும் வராது. கடைசியில் கேப்டன் தன் கைகளைச் சுக்கானோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார்.