புதுச்சேரி வானொலி 1215: டீக்கடையில் கேட்டது

கேள்வி: புதுச்சேரி வானொலியின் மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பு எப்போது வந்தது? அதில் வந்த பேச்சு நிகழ்ச்சிகளை எல்லாம் யார்தான் கேட்டார்கள்?

யார் கேட்டார்கள் என்பதற்கு நானே சாட்சி. வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பரிலேயே நிர்வாகத்தை ஒப்படைத்தாலும், சட்டப்படி புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அதற்கு ஐந்து வருஷம் கழித்து 1967-இல் அகில இந்திய வானொலி அங்கே நிலையம் தொடங்கியது. கோரிமேடு பக்கம், இந்திரா நகரில் இருக்கிறது. நான் கேட்ட காலத்தில் அலைவரிசை 1215 கிலோஹெர்ட்ஸ், சக்தி 20 கிலோவாட். 720-இல் வந்த சென்னை 200 கிலோவாட் என்றால் இது எவ்வளவு சின்னது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே போகும். உப்புத் தண்ணீர் மேல் இன்னும் சுலபமாக ஓடும். அதனால் கடலூருக்கும், கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போன படகுகளுக்கும் அந்த 20 தாராளம்.

தாத்தா கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் டீக்கடை வைத்திருந்தார். கடையில் ஒரு பழைய ரேடியோ. முள்ளை இழுக்கிற நூல் தளர்ந்து போயிருந்ததால், ஒருமுறை நகர்த்திவிட்டால் நிலையத்தைத் திரும்பப் பிடிப்பதற்குள் டீ ஆறிவிடும். எனவே பாட்டியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் ஒட்டியிருந்தார். பொட்டு இருக்கிற இடம் புதுச்சேரி. அதை யாரும் தொடக்கூடாது.

சோனங்குப்பம், அக்கரைக்கோரி ஆட்கள் அங்கே உட்கார்ந்திருந்தது வானிலைக்காக. துறைமுகத்தில் எத்தனையாம் நம்பர் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பது கண்ணுக்கே தெரியும். மீனவர்கள் கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதை ரேடியோ சொல்ல வேண்டும். அது வரும்வரைக்கும் இடையில் வந்ததை எல்லாம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கரும்பில் செவ்வழுகல் நோய் வந்தால் என்ன செய்வது என்று ஒருவர் எழுதி வைத்ததைப் படிப்பார். காகிதத்தைத் திருப்புகிற சத்தம்கூடக் கேட்கும். வாழ்நாளில் ஒரு கரும்பு நட்டிராத ஏழெட்டுப் பேர் வாயைத் திறக்காமல் கேட்பார்கள். ஒரு நாள் நெல்லிக்குப்பத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் ஆள் ஒருவர் டீ குடிக்க வந்தார். விதைக்கரணையை நோய் இல்லாத தோட்டத்தில் எடுக்கச் சொல்லி அவருக்கு யோசனை சொன்னது, வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: வேறு எதற்கோ காத்திருந்தவர்கள் கேட்டார்கள். பேச்சு நிகழ்ச்சியைத் தேடிப்போய்க் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இருட்டினால் வேறு பிரச்சினை. ராத்திரியில் மத்திய அலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும் என்பதால், தெரியாத பாஷைகள் எல்லாம் பொட்டு மேல் ஏறிக்கொள்ளும். "ரேடியோவைத் திருப்பி வைடா" என்பார் தாத்தா. உள்ளே ஆன்டெனாவாக இருக்கிற ஃபெரைட் கம்பி எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதைப் பொறுத்து ஒரு நிலையம் அமுங்கும், இன்னொன்று எழும். அந்தக் காரணம் எனக்குக் காலேஜில்தான் தெரிந்தது.

அப்புறம் 102.8-இல் எஃப்எம் ரெயின்போ வந்தது, தனியார் எஃப்எம்களும் வந்தன. கடை மாமா கைக்குப் போனதும் முதலில் போனது அந்த ரேடியோதான், பரணுக்கு.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கரண்ட் வர நாள் கணக்கில் ஆயிற்று. மாமா ரேடியோவை இறக்கி, புது செல் போட்டார். ரேடியோவில் இரைச்சல் கிளப்ப எங்கும் ட்யூப்லைட் சோக் இல்லை, மோட்டார் இல்லை, ஊரே இருட்டு. மத்திய அலையில் அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை கேட்டதில்லை. பொட்டு மட்டும் எப்போதோ உதிர்ந்திருந்தது, கண்ணாடியில் கோந்துத் தடம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் முள்ளை நகர்த்தினார்.