மரைன் இன்ஜினீயரிங் வேறு, கடல் மின்சாரம் வேறு

கேள்வி: ப்ளஸ் டூ கணிதப் பிரிவு மாணவி நான். ஊர் தூத்துக்குடி. கடல் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் துறைக்குப் போக ஆசை. ஒரு கல்லூரியில் விசாரித்தபோது, "மரைன் இன்ஜினீயரிங் சேருங்கள், எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். அப்பா முன்பணம் கட்டப் போகிறார். சேரலாமா? வேலை கிடைக்குமா?

பதில்: முதலில் முன்பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல. மரைன் இன்ஜினீயரிங் கப்பலின் இன்ஜின் ரூமுக்கு ஆள் தயாரிக்கும் படிப்பு. அதற்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம், கடற்பணிக்கான மருத்துவத் தகுதி, நிறக்குருடு இல்லாத கண் எல்லாம் வேண்டும். நல்ல படிப்புதான். ஆனால் நீங்கள் கேட்பது அதை அல்ல.

உங்களுக்கு வேண்டியது ஓஷன் இன்ஜினீயரிங், அதாவது கடலில் நிற்கும், மிதக்கும் அமைப்புகளை வடிவமைக்கும் படிப்பு. சென்னை ஐஐடியிலும் காரக்பூர் ஐஐடியிலும் நேவல் ஆர்க்கிடெக்சரோடு (கப்பல் வடிவமைப்பு) சேர்த்து பி.டெக். நடத்துகிறார்கள்; அங்கே சேர ஜேஇஇ அட்வான்ஸ்டுதான் ஒரே வழி. கிடைக்கவில்லையா, கவலை வேண்டாம். பொறியியல் கலந்தாய்வில் மெக்கானிக்கல், சிவில், இ.இ.இ. மூன்றில் ஒன்றை நல்ல கல்லூரியில் எடுங்கள். 'எனர்ஜி' என்று பெயர் ஒட்டிய புதுப் படிப்புகளைவிட இதுவே மேல். மூன்றாம் ஆண்டிலேயே எம்.டெக். சேர்வதற்கான 'கேட்' (GATE) தேர்வை எழுதலாம். நேவல் ஆர்க்கிடெக்சர் அண்ட் மரைன் இன்ஜினீயரிங் என்று தனித் தாளே இருக்கிறது. எந்த எம்.டெக்.குக்கு எந்தத் தாள் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் எது கடினம் என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். ஆழ்கடல் அலையில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கிடைக்கும் திறன், கிலோவாட்டில், ஏறக்குறைய அலை உயரத்தின் வர்க்கத்தை அலை நேரத்தால் (ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான விநாடிகள்) பெருக்கி அதில் பாதி. 1 மீட்டர் உயரம், 8 விநாடி என்றால் 4 கிலோவாட். புயலில் 6 மீட்டர், 10 விநாடி வந்தால் 180 கிலோவாட்! நாலுக்குச் சம்பாதிக்கும் கருவி நூற்றெண்பதைத் தாங்க வேண்டும். அதனால்தான் டர்பைனைவிட நங்கூரச் சங்கிலி, உலோகச் சோர்வு (திரும்பத் திரும்ப அசைந்து உலோகம் விரிவது), துரு, கொட்டலசு என்ற ஓட்டுயிரி ஒட்டிப் படிவது இவற்றைத் தெரிந்தவருக்கு மதிப்பு.

கல்லூரி ப்ராஜெக்டில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 100 கிலோவாட் கருவியை 1:20 அளவில் செய்து தொட்டியில் விடுவார்கள், மின்சாரமே வராது. நீளம் 20 மடங்கு குறைந்தால் திறன் சுமார் 36,000 மடங்கு குறையும். மாதிரியில் எஞ்சுவது 3 வாட்டுக்கும் கீழே, அதையும் பேரிங் உராய்வு தின்றுவிடும். எனவே மாதிரியில் பல்பு எரியவைக்கப் பார்க்காமல், அலையில் ஆடும் மிதவையின் அசைவையும் விசையையும் அளந்து திறனைக் கணக்கிடுங்கள். அதற்கு முன் பைத்தானில் இயங்கும் கேப்பிடெய்ன் என்ற இலவச மென்பொருளில் அந்த மிதவையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறோம்: அலை மின்சாரத்தை மட்டும் நம்பினால் இந்தியாவில் இன்று இடங்கள் மிகக் குறைவு. கேரளத்தின் விழிஞ்ஞத்தில் 1991இல் வந்த 150 கிலோவாட் அலை மின் நிலையம் இப்போது இயங்கவில்லை. உங்கள் ஊர்க் கடலிலேயே, கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில், சென்னை ஐஐடி 2022 நவம்பரில் சோதித்த 'சிந்துஜா‑1' என்ற அலை மின் கருவி தந்தது 100 வாட். ஆராய்ச்சிதான் விருப்பம் என்றால் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்புகளைக் கவனியுங்கள். டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களையும் எடுக்கிறார்கள்.

சம்பளம் உடனே வேண்டும் என்றால் கடல் காற்றாலை, துறைமுகக் கட்டுமானம், எண்ணெய் மேடை வடிவமைப்பு. அங்கும் இதே மிதவை, நங்கூரம், கடலடிக் கேபிள்தான். தமிழகக் கடலில் 500 மெகாவாட் காற்றாலைக்கான நிதியுதவித் திட்டத்துக்கு 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. கடலில் ஏறி வேலை செய்ய ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற காற்றாலைத் துறை அமைப்பு) பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கேட்பார்கள். இரண்டு வருடத்தில் காலாவதியாகும் என்பதால், வேலை கைக்கு வரும் நேரத்தில் எடுத்தால் போதும்.

வெளிநாடு என்றால் முதுகலைக்குப் போங்கள், இளநிலைக்கு வேண்டாம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் 2003 முதல் கடலிலேயே சோதனைக்களம் நடக்கிறது. அதையொட்டிய பல்கலைக்கழகங்களைத் தேடுங்கள்.